மண் மாறினும் மலரும் சால்வியா
(தோட்டப்புற மக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு பூச்செடி. அதன் பெயர் சால்வியா. சிவப்பிலும் நீலத்திலும் கதிர் கதிராகப் பூக்கும் இச்செடியைச் சாலையோரப் பாத்திகளிலும், அலுவலக முகப்புகளிலும், நகரத்துப் பூங்காக்களிலும் நம்மில் பலர் கண்டிருப்போம். பெயர் அறியாமலே கடந்தும் போயிருப்போம்.

"பூச்செடியால் வயிறு நிறையுமா?" என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. லயத்து வாசலில் இருக்கும் சிறிய இடத்தில் முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் மிளகாய்க்கும் தாம் முதல் உரிமை. அவற்றைப் பிடுங்கி எறிந்துவிட்டுச் சால்வியாவை நடுங்கள் என்று நாம் கூற வரவில்லை. அவற்றின் ஓரத்தில், பாத்தியின் விளிம்பில், இரண்டு அடி இடம் கொடுங்கள் என்றே கேட்கிறோம். அந்த இரண்டு அடி வீண்போவதில்லை. நீலச் சால்வியாவைத் தேடித் தேனீக்கள் வரும். வந்த தேனீ பக்கத்திலுள்ள பூசணியையும் பாகலையும் பார்க்காமல் போகாது. காய் பிடிப்பதற்கு அதுவும் ஓர் உதவி.

இதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. நாம் குடியிருக்கும் லயமும் அதன் வாசலும் நமக்குச் சொந்தமானவை அல்ல. ரப்பர்த் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியதையும், வீடமைப்புத் திட்டங்களுக்கு விற்கப்பட்டதையும் நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறு மாறியபோது குடும்பங்கள் பல பிறந்த மண்ணை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. வாசல் மரங்களை எடுத்துச் செல்ல அவர்களால் இயலவில்லை. ஆனால், ஒரு செடியை வளர்க்கும் கைத்திறனை எவரும் பறித்துக்கொள்ள முடியாது. ஒரு சாண் தண்டை வெட்டி ஈரத்தாளில் சுற்றிக்கொண்டால், தோட்டமே நம்மோடு பயணம் செய்யும். சால்வியா அத்தகைய செடி. இக்கருத்தை மனத்தில் கொண்டே இவ்வுரையைக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

கிளமெண்டி தரும் பாடம்

மண்ணில்லாத இடத்தில் மலர் வளர்க்க இயலுமா என்பதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அத்தீவின் மேற்குப் பகுதியில் உள்ளது கிளமெண்டி. கம்பங்களும் சிறு பண்ணைகளும் இருந்த அவ்வட்டாரத்தில் 1970களில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடிக் குடியிருப்புகளை எழுப்பத் தொடங்கியது. 1988ஆம் ஆண்டில் பெருவிரைவு ரயில் நிலையமும் அங்கே திறக்கப்பட்டது. இன்று அங்கே வாழ்வோர் பலருக்கு வீட்டு வாசல் என்பது பல மாடி உயரத்திலுள்ள ஒரு நடைவழி. கொல்லை என்று ஒன்று இல்லை.

எனினும், அம்மக்கள் செடி வளர்ப்பதை விட்டுவிடவில்லை. சிங்கப்பூரில் மரம் நடும் இயக்கம் 1963ஆம் ஆண்டிலேயே தொடங்கியது. 1967இல் 'தோட்ட நகரம்' என்னும் இலட்சியம் அறிவிக்கப்பட்டது. 2005இல் குடியிருப்பாளர்கள் ஒன்றுகூடித் தோட்டம் அமைக்கும் திட்டத்தைத் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கி வைத்தது. அதன் பயனாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் தோன்றியுள்ளன. அதன் பின்னர், தனிக் குடும்பங்களுக்குச் சிறு பாத்திகளைக் குத்தகைக்கு விடும் ஏற்பாடும் வந்தது. கிளமெண்டி வூட்ஸ் பூங்காவிலும் அத்தகைய பாத்திகள் உள்ளன.

ஒரு பாத்தியின் அளவு என்ன தெரியுமா? நீளம் இரண்டரை மீட்டர். அகலம் ஒரு மீட்டர். ஒரு கட்டிலை விடச் சற்றே பெரிய இடம், அவ்வளவே. அதுவும் மூன்றாண்டுக் காலத்துக்குத்தான். தவணை முடிந்ததும் பாத்தி வேறொருவர் கைக்குச் செல்லும். இடம் தமக்குச் சொந்தமன்று என்பதை முதல் நாளிலேயே தெரிந்துகொண்டுதான் அவர்கள் மண்ணைக் கிளறுகிறார்கள். போகும்போது விதையையும் தண்டையும் எடுத்துச் செல்லலாம். கற்றுக்கொண்டதையும் எடுத்துச் செல்லலாம். இப்பாடம் நமக்கும் உரியதன்றோ?

ரப்பரும் சால்வியாவும்

செடியின் வரலாற்றைச் சிறிது காண்போம். நமக்குச் சோறு போடும் ரப்பர் மரம் பிரேசில் நாட்டு அமேசான் காடுகளுக்கு உரியது. 1876இல் ஹென்றி விக்கம் என்பவர் ஏறத்தாழ 70,000 விதைகளை அங்கிருந்து இங்கிலாந்தின் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் மீண்டும் மீண்டும் பால் வெட்டும் முறையை வகுத்துக் காட்டினார். நாம் இன்று பிடிக்கும் வெட்டுக் கத்தியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1859இல் நிறுவப்பட்ட அத்தோட்டம் 2015ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்கப்பட்டது. கிளமெண்டியிலிருந்து அது தொலைவில் இல்லை.

செந்நிறச் சால்வியாவின் தாயகமும் அதே பிரேசில்தான். ரப்பர் அமேசான் சமவெளியில் பிறந்தது. சால்வியா கிழக்குக் கடற்கரையை ஒட்டிய காடுகளில் பிறந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அது ஐரோப்பாவுக்குச் சென்று, அங்கிருந்து உலகெங்கும் பரவியது. ஆகவே ரப்பரும் சால்வியாவும் ஒரே நாட்டிலிருந்து கடல் கடந்து வந்தவை. வந்த இடத்தில் வேர் ஊன்றின. நம் முன்னோரும் அவ்வாறே கடல் கடந்து வந்தவர்கள் என்பதை நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா?

'சால்வியா' என்னும் பெயர், 'நலமாக்குதல்' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லடியாகப் பிறந்தது. இவ்வினத்தில் ஏறத்தாழ ஆயிரம் வகைகள் உள்ளன. மேல்நாட்டார் சமையலில் சேர்க்கும் சேஜ் இலையும், இப்பொழுது கடைகளில் விற்கும் சியா விதையும் இவ்வினத்தைச் சேர்ந்தவையே. நம் வீட்டுத் துளசியும், புதினாவும், கற்பூரவல்லியும் இதன் உறவினர்கள். ஐயமிருப்பின் தண்டை விரல்களால் உருட்டிப் பாருங்கள். துளசித் தண்டைப் போலவே நான்கு பட்டையாக இருக்கும். இலைகளும் துளசியைப் போலவே எதிரெதிராக, இணை இணையாக அமைந்திருக்கும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். உறவு முறை இருப்பதால் மட்டும் பூச்சால்வியாவைத் துளசியைப் போலக் கருதிக் கஷாயம் வைத்துக் குடித்துவிடக் கூடாது. அழகுக்கு வளர்க்கும் செடியை அழகுக்கே வளர்க்க வேண்டும்.

எந்த வகையைத் தேர்ந்தெடுப்பது?

நம் நாட்டுக்கும் சிங்கப்பூருக்கும் தட்பவெப்பம் ஏறத்தாழ ஒன்றே. தாழ்ந்த நிலப்பகுதிகளில் பகலில் 31 முதல் 33 பாகை வரை வெப்பம். இரவிலும் வெப்பம் பெரிதாகத் தணிவதில்லை. ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கும் மேல். கேமரன் மலையின் குளிரில் எளிதில் செழிக்கும் செடிகள் பல இங்கே வாடிவிடும். எனவே வகையறிந்து நடுதல் வேண்டும். மூன்று வகைகளை இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, செந்நிறப் பூங்கதிர்ச் சால்வியா. கடைகளில் கிடைக்கும் குட்டை வகைகள் முக்கால் அடி முதல் ஒன்றேகால் அடி வரை வளரும். இதன் சிறப்பு என்னவெனில், பூவை ஏந்தி நிற்கும் புல்லிவட்டமும் சிவப்பாகவே இருக்கும். பூவிதழ் உதிர்ந்த பின்னரும் பல நாள் அந்நிறம் மங்காது. ஆனால் நண்பகல் வெயில் இதற்கு ஆகாது. காலை வெயில் நான்கு மணி நேரமும், அதன் பின் சற்றே நிழலும் கிடைக்கும் இடமே இதற்கு ஏற்றது.

இரண்டாவது, நீலச் சால்வியா. இதன் தாயகம் மெக்சிகோவும் அதனை அடுத்த டெக்சாசும் ஆகும். பூத்தண்டின் மீது மாவு தூவினாற்போல் வெண்மை படர்ந்திருக்கும். ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை வளரும். வெயிலைத் தாங்கும், மழை நின்றதும் விரைவில் தேறிக்கொள்ளும்.

மூன்றாவது, வெப்ப நாட்டுச் சால்வியா எனப்படுவது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளுக்கு உரியது. இரண்டு முதல் மூன்றடி வரை உயரும். பூக்கள் சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ வெண்மையாகவோ கதிரில் தள்ளித் தள்ளி அமைந்திருக்கும். பார்வைக்கு அத்துணை அடர்த்தியாக இராது; ஆயினும் முதன்முறையாக வளர்ப்போர்க்கு இதுவே தோழன். தானே விதை உதிர்த்துத் தானே முளைக்கும்.

சிவப்புப் பூக்களை நாடித் தேன்சிட்டுகள் வரும். தாய்நாட்டில் இப்பூவின் மகரந்தத்தைச் சுமப்பவை நீண்ட அலகுடைய சிறு பறவைகளே. அந்த அலகுக்கு ஏற்றவாறே பூவும் நீண்ட குழலாக அமைந்துள்ளது. நம் ஊரில் அவ்வேலையைத் தேன்சிட்டு ஏற்றுக்கொள்கிறது.

இன்னொன்றும் கூறிவிடுகிறோம். இது மாலை கட்டுவதற்குரிய பூ அன்று. சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவில் மல்லிகையும் செவ்வந்தியும் சரம் சரமாகத் தொங்கும். சால்வியாவை அங்கே காண முடியாது. பறித்த சிறிது நேரத்திலேயே இதழ் உதிர்ந்துவிடும். செடியில் இருக்கும் வரைதான் அதன் அழகு.

இடமும் மண்ணும்

ரப்பர் மர நிழலில் சால்வியா பூக்காது. இலை மட்டும் நீண்டு தண்டு மெலிந்து சாயும். கிழக்கு நோக்கிய வாசலே சிறந்த இடம். கூரையிலிருந்து தண்ணீர் கொட்டும் விளிம்பை விட்டு இரண்டடி தள்ளியே பாத்தி அமைக்க வேண்டும்; தாரை விழுந்தால் செடி ஒடியும், வேரும் வெளிப்படும்.

சால்வியா சாவதற்கு முதற்காரணம் வெயிலுமன்று, பூச்சியுமன்று. வேரில் தேங்கும் தண்ணீரே ஆகும். தோட்டத்துச் செம்மண் காய்ந்தால் கல்லாகும், நனைந்தால் களியாகும். அம்மண்ணில் அப்படியே நட்டால் நவம்பர், டிசம்பர் மழையில் வேர் அழுகிவிடும். ஆதலால் பாத்தியை முக்கால் அடியாவது உயர்த்துங்கள். மண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய சாணமோ இலைமக்கோ ஒரு பங்கு, ஆற்று மணல் ஒரு பங்கு எனக் கலந்துகொள்ளுங்கள். கலவையை ஈரமாக்கிக் கையில் பிடித்து அழுத்துங்கள். உருண்டையாகிப் பின் விரலால் தட்டியதும் உதிர்ந்தால் மண் சரியாக உள்ளது. உதிராவிடில் இன்னும் மணல் சேருங்கள்.

தொட்டியில் வளர்ப்போரும் இக்கலவையையே பயன்படுத்தலாம். ஒரு சாண் அகலமுள்ள தொட்டி ஒரு செடிக்குப் போதும். பழைய பால்மாவு டின்னும் பெயிண்ட் வாளியும் தொட்டியாகலாம். அடியில் நான்கைந்து துளைகள் இருத்தல் வேண்டும். பால் உறைய வைக்கும் அமிலம் இருந்த கலமும், களைக்கொல்லி இருந்த கலமும் எத்தனை முறை கழுவினாலும் ஆகா. அவற்றை வீட்டுப் பக்கமே கொண்டு வராதீர்கள்.

விதையிலிருந்து செடி

விதை எள்ளளவே இருக்கும். நாற்றுத்தட்டில் கலவையைச் சலித்து நிரப்பி, தண்ணீர் தெளித்து, விதைகளை மேலே தூவி, விரல் நுனியால் மெல்ல அழுத்தி விடுங்கள். மண் போட்டு மூடக் கூடாது. இவ்விதை முளைப்பதற்கு வெளிச்சம் வேண்டும். ஆழப் புதைத்துவிட்டு, விதை கெட்டது என்று கடைக்காரரை நோவதில் பயனில்லை. தட்டின் மீது கண்ணாடித் தாள் ஒன்றை விரித்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். பத்து முதல் பதினான்கு நாள்களுக்குள் முளை தோன்றும். முளை தோன்றியதும் தாளை எடுத்துவிட வேண்டும். காற்றோட்டம் இல்லாவிடில் நாற்றின் அடித்தண்டு அழுகி ஒரே இரவில் சாய்ந்துவிடும்.

மூன்று இணை இலைகள் வந்ததும் பிடுங்கி நடலாம். செடிக்குச் செடி ஒரு சாணுக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். உயர்ந்து வளரும் வகைகளுக்கு ஒன்றரைச் சாண் விடுங்கள். மாலையில் நட்டு மூன்று நாள் நிழல் கொடுங்கள். குட்டை வகைகள் விதைத்த எட்டு முதல் பத்து வாரங்களில் பூக்கும். நீலச் சால்வியா இன்னும் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும்.

கிள்ளுதலும் வெட்டுதலும்

செடி அரை அடி உயர்ந்ததும் அதன் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். மூன்றாம் இணை இலைக்கு மேலே நகத்தால் கிள்ளினால் போதும். பலருக்கு இதற்கு மனம் வருவதில்லை. கிள்ளாத செடி ஒற்றைத் தண்டாக உயர்ந்து ஒரே கதிர் பூத்து ஓய்ந்துவிடும். கிள்ளிய செடியோ இலைக்கக்கங்களிலிருந்து இரண்டு, நான்கு என்று கிளைத்து, கிளைக்கொரு கதிர் தரும். முதற்பூ இரண்டு வாரம் தாமதமாகும் என்பது மெய்யே. ஆனால், வரும்போது கொத்தாக வரும்.

கதிரில் பூக்கள் உதிர்ந்து நிறம் மங்கியதும், அடுத்த இணை இலைக்குச் சற்று மேலே கதிரை வெட்டி நீக்குங்கள். வெட்டாமல் விட்டால் செடி விதை முற்றச் செய்வதிலேயே வலுவைச் செலவிடும். விதை வேண்டுவோர் ஒரு செடியை மட்டும் அதற்கென ஒதுக்கி, புல்லிவட்டம் காய்ந்து பழுப்பேறியதும் தாள் பையில் உதறிச் சேகரிக்கலாம். ஒரு பூவுக்கு நான்கு விதைகளுக்கு மேல் இரா.

எருவில் கஞ்சத்தனமும் வேண்டா, தாராளமும் வேண்டா. மக்கிய சாணம் மாதம் ஒரு பிடி போதும். தூள் உரம் இடுவோர், தொட்டி ஒன்றுக்குக் கால் தேக்கரண்டி அளவில், மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, தண்டைத் தொடாமல் ஓரத்தில் இட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். உப்பு மிகுந்தால் இலை விளிம்பு கருகும். தழைச்சத்து மிகுந்தால் இலைதான் பெருகும், பூ வராது.

தண்டிலிருந்து புதுச்செடி

இனி இவ்வுரையின் தலையாய பகுதிக்கு வருகிறோம். சால்வியா நெடுநாள் வாழும் செடி அன்று. நம் வெப்பத்தில் ஐந்தாறு மாதங்களில் அடித்தண்டு மரம்போல் இறுகிப் பூக்குறையும். அதற்குள் தண்டு வெட்டிப் புதுச்செடி ஆக்கிக்கொண்டால், நம் வீட்டில் சால்வியாவுக்கு முடிவே இல்லை. விதைக்குக் காசு செலவிட வேண்டியதுமில்லை. ஒட்டு வகை விதையிலிருந்து வரும் நாற்று தாயைப் போல் இராது. தண்டிலிருந்து வருவதோ தாயின் அச்சாகவே இருக்கும்.

இவ்வேலை பால்வெட்டுத் தொழிலாளிக்குப் புதிதன்று. மங்கிய கத்தி மரத்தைப் புண்ணாக்கும் என்பதையும், ஆழம் மீறினால் பட்டை கெடும் என்பதையும், விடியற்காலையில்தான் மரத்தில் நீர் நிறைந்திருக்கும் என்பதையும் அவர் அறிவார். ரப்பர் நாற்றங்காலில் ஒட்டுக் கட்டிப் பழகிய கைகளுக்கு இது விளையாட்டு. தோட்டத்தில் ஒவ்வொரு நாளும் செய்யும் நுட்பமான வேலையையே இங்கே சிறிய அளவில் செய்யப் போகிறோம்.

காலையில், பூக்காத இளங்கிளை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நான்கு விரற்கடை நீளத்தில், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே, கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். அடியிலுள்ள இலைகளை நீக்கி, நுனியில் இரண்டு இணை மட்டும் விடுங்கள். மணலும் இலைமக்கும் சம அளவாகக் கலந்த சிறு தொட்டியில் குச்சியால் துளையிட்டு, கணு ஒன்று மண்ணுக்குள் இருக்குமாறு ஊன்றி, சுற்றிலும் அழுத்துங்கள். தண்ணீர் தெளித்து, கண்ணாடிப் பை ஒன்றை மேலே கவிழ்த்து நிழலில் வையுங்கள். நாள்தோறும் சிறிது நேரம் பையைத் திறந்து காற்று விடுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் வேர் விடும். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்காதீர்கள். நுனியில் புதிய தளிர் தோன்றினால் வேர் இறங்கிவிட்டது என்று பொருள்.

பத்துத் தண்டு ஊன்றினால் இரண்டு மூன்று வாடத்தான் செய்யும். அதற்கென்று இரண்டு மூன்று கூடுதலாக ஊன்றுங்கள். பிழைத்தவற்றுள் ஒன்றை அடுத்த வீட்டாருக்குக் கொடுங்கள். நம் வீட்டுச் செடி பட்டுப்போகும் நாளில் அவர் வீட்டிலிருந்து தண்டு கிடைக்கும்.

தண்ணீரும் கொசுவும்

விரலை மண்ணில் ஓர் அங்குலம் நுழைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் தண்ணீர் வேண்டா; காய்ந்திருந்தால் காலையில் ஊற்றுங்கள். இலையை நனைக்காமல் அடியில் ஊற்றுவது நலம். செடி வாடித் தொங்குகிறது, மண்ணோ ஈரமாக இருக்கிறது என்றால், அது தாகமன்று, வேர் அழுகல். அந்நேரத்தில் மேலும் தண்ணீர் ஊற்றுவது நோயாளியைக் குளத்தில் தள்ளுவதற்கு ஒப்பாகும்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதில் தேங்கும் தெளிந்த நீரில்தான் டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. 2020ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் மட்டும் 35,000க்கும் மேற்பட்டோர் டிங்கிக் காய்ச்சலுக்கு ஆளாயினர். கிளமெண்டி போன்ற குடியிருப்புகளில் பூந்தொட்டித் தட்டுகளைக் கவிழ்க்குமாறு ஓயாமல் அறிவுறுத்துவது இதனால்தான்.

முட்டை கொசுவாவதற்கு ஏறத்தாழ ஒரு வாரமே போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகளோ தண்ணீர் வற்றிய பின்னும் பல மாதம் உயிரோடு கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டுவதோடு நில்லாமல், தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். எல்லாவற்றினும் மேலானது தட்டே வைக்காதிருப்பது. இரண்டு செங்கல் மீது தொட்டியை நிறுத்தினால் நீர் தானே வடியும். தேங்கிய நீரை வெறுக்கும் சால்வியாவுக்கும் அதுவே உகந்தது. வெட்டாத மரத்தின் மங்கைக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அப்பழக்கத்தையே வாசலுக்கும் கொண்டு வருவோம்.

அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு வேறு இரண்டு கடமைகள் உள்ளன. நடைவழியில் தொட்டி வைத்தால், ஆபத்து வேளையில் மக்கள் செல்ல 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது சிங்கப்பூர் விதி. கைப்பிடிச் சுவரின் மீது தொட்டி வைத்தல் கூடவே கூடாது. பத்தாம் மாடியிலிருந்து விழும் தொட்டி கீழே செல்வோரின் உயிரைக் குடிக்கும். நாளை நம் பிள்ளைகள் அத்தகைய வீடுகளுக்குச் செல்லக்கூடும். இன்றே சொல்லி வைப்போம்.

பூச்சியும் மருந்தும்

இலையின் அடியில் வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, சிலந்திப்பேன் ஆகியவை ஒட்டலாம். இளஞ்செடியை நத்தை இரவோடு இரவாக மேய்ந்துவிடும். நத்தையை மாலையில் கைவிளக்கோடு தேடிப் பிடிப்பதே சிறந்த வழி; கையுறையோ பையோ அணிந்து எடுங்கள். மற்றவற்றுக்குத் தண்ணீரைப் பீய்ச்சி இலையின் அடிப்புறத்தைக் கழுவுங்கள். அடங்காவிடில், ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான சவர்க்காரக் கரைசல் கலந்து மாலையில் தெளித்து, மறுநாள் வெறும் நீரால் கழுவிவிடுங்கள். பூக்களின் மேல் தெளிக்காதீர்கள். தேனீக்கள் வரும் இடம் அது.

தோட்டத்தில் மருந்தடிக்கும் பம்பை வீட்டுச் செடிக்குப் பயன்படுத்தவே கூடாது. களைக்கொல்லியின் மிச்சம் சிறிது இருப்பினும் சால்வியா சுருண்டுவிடும். செடி போனால் மீண்டும் ஊன்றலாம். வாசலில் விளையாடும் குழந்தைக்கு ஊறு நேர்ந்தால் என் செய்வோம்? பெராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாள் தொட்டு மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. பழைய கலம் எங்கேனும் எஞ்சிக் கிடந்தால் தொடாமல் நிர்வாகத்துக்குத் தெரிவியுங்கள்.

செய்யத் தக்கவை

அன்பர்களே! இவ்வளவும் கேட்ட பின் எதிலிருந்து தொடங்குவது என்று மலைக்க வேண்டா. இம்மாதம் ஒரு முழப் பாத்தியை உயர்த்துங்கள். அல்லது இரண்டு தொட்டிகளை நிரப்புங்கள். எளிதில் வளரும் வெப்ப நாட்டு வகையையோ நீலச் சால்வியாவையோ முதலில் நடுங்கள். விதை தூவுவதையும் நுனி கிள்ளுவதையும் பிள்ளைகளிடம் விடுங்கள். நான்காம் மாதத்தில் தண்டு ஊன்றத் தொடங்குங்கள். ஆறாம் மாதத்தில் தாய்ச்செடி ஓயும்போது மகள்செடி பூத்திருக்கும்.

கிளமெண்டியில் இரண்டரை மீட்டர் பாத்தி கிடைத்தவர், மூன்றாண்டுக்குப் பிறகு அதனைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். நாமும் ஒரு நாள் லயத்தைத் திரும்பக் கொடுக்க நேரலாம். அந்நாளில் நம் பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளும் ஒரு தண்டை எங்கே வெட்டுவது, எந்த மண்ணில் ஊன்றுவது, எப்பொழுது தண்ணீர் ஊற்றாமல் இருப்பது என்பவற்றை அறிந்திருப்பார்களாயின், எத்தனையாவது மாடிக்குப் போனாலும் அவர்கள் வாசலில் பூ இருக்கும்.

செடி கேட்பது சிறிதளவு வெயில், வடிகின்ற மண், கூரிய கத்தி, தவறாத கவனம் ஆகியவையே. இவற்றுள் கத்தியும் கவனமும் நம் தொழில் நமக்குத் தந்தவை. எஞ்சியவற்றைத் தேடிக்கொள்வோம்.